வாய்மொழியும் ஒரு வெத்திலைக் கூறும்

பல்லுக் கழட்டுவதற்கு விறைக்க ஊசி இருக்கிறது. அரசாங்கத்திடம் ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் போடுவதற்கு அப்படியொரு ஊசியை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, எப்போதாவது, ஏதாவது ஒரு கந்தோருக்கு ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர் என்றால், கிட்ட வந்து இருங்கோ. நாங்கள் எல்லாரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்தான். நான் கொழும்பில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் டொக்டர். வீடு வெள்ளவத்தையில். கோபம் கெதியாக வரும், பிடித்த பிடியை விடமாட்டேன். பல்லுக் கழட்டுகிறவளுக்கு இரண்டும் உதவும். விண்ணப்பம் போடுகிறவளுக்கு இரண்டாவது மட்டும்தான் உதவும் என்று பிறகுதான் விளங்கியது.

நாலு வருசத்தில் நாலு விண்ணப்பம் போட்டேன். எந்தக் கந்தோர் என்று கேட்காதேங்கோ, சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரிந்த கந்தோர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கோ, அதே மாதிரித்தான் இருக்கும்.

நோகாத வாய்

எல்லாம் சேவியரில் தொடங்கியது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிய மனுசன், கொட்டாஞ்சேனையில் வீடு. எங்கள் கிளினிக்கில் சிற்றூழியராக இருக்கிற அன்ரனின் அக்கா புருசன். அன்ரன்தான் ஒரு நாள் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார்.

"வாயைத் திறங்கோ" என்றேன். திறந்தார். நல்ல வாய்க்குள் மூன்று விரல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போகும். சேவியரின் வாய்க்குள் என்னுடைய ஒரு விரல்தான் போனது. வருசக்கணக்காக வெத்திலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் அடக்கி வைத்திருந்த கன்னம் உள்ளுக்குள் செருப்புத் தோல் மாதிரி இறுகிப்போயிருந்தது. உதட்டை விலத்தி விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது புற்றுநோய். எனக்குக் கண்டவுடனேயே தெரிந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்ரனுக்கும் தெரிந்துவிட்டது, வெளிச்சம் ஆடியது.

எனக்கு வந்ததே ஒரு கோபம், யாரில் என்று தெரியாத கோபம். "முதல்லை ஒரு வெள்ளைப் படை வந்திருக்குமே, அப்பவே வந்திருந்தா ஒரு சின்ன வெட்டோடை முடிஞ்சிருக்குமே, இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். சாகப்போகிற மனுசனிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் கோபப்படவில்லை. திறக்காத வாயால் மெல்லச் சொன்னார்: "வந்திச்சி டொக்டர். நோகல. நோகாததுக்கு யாரு ஆஸ்பத்திரிக்கு வாறது?"

வாய்மொழிச் சுகாதாரம்

அடுத்த பெரிய வெள்ளிக்கு முதலே சேவியர் போய்விட்டார். செத்தவீட்டில் அன்ரன்தான் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார். மூன்றாம் நாள் வேலைக்கு வந்து, கருவிகளைக் கழுவிக்கொண்டே, "டொக்டர், எங்க பக்கத்துல இன்னும் நெறைய பேர் இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு முடிவெடுத்தேன். நோகாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்றால், ஆஸ்பத்திரிதான் அவர்களிடம் போகவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயில் மண்டபம், ஒரு கதிரை, ஒரு விளக்கு, கிழமைக்கு ஒரு நாள். வேலை முடிந்து போகிற ஆட்களின் வாயைப் பார்ப்பது. கேட்கச் சுகமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நானாக ஒரு நாள் போய்ப் பார்த்தால் அது புண்ணியம், எனக்கு இடமாற்றம் வந்தவுடன் நின்றுவிடும். ஒழுங்காகச் செய்து, இப்படிப் பார்த்தால் நேரத்தோடு பிடிக்கலாம் என்று காட்டினால்தான் அரசாங்கம் அதைத் தன் வேலையாக எடுக்கும். காட்டுவதற்கு ஆராய்ச்சி வேண்டும், ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும், நிதிக்கு விண்ணப்பம் வேண்டும்.

தலைப்பு மூன்று மொழியிலும் இருக்கவேண்டும் என்பது விதி. தமிழில் 'துறைமுகத் தொழிலாளரின் வாய்ச் சுகாதாரம்' என்று எழுதிக் கொடுத்தேன். கந்தோரில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். 'வாய்ச் சுகாதாரம்' அவருக்குக் கொச்சையாகப் பட்டதாம். ஆங்கிலத் தலைப்பில் 'ஓரல்' என்று இருப்பதைக் கண்டார். ஓரல் டெஸ்ட் என்றால் வாய்மொழிப் பரீட்சை என்று பள்ளிக்கூடத்தில் படித்த மனுசன், பேனையை எடுத்து 'வாய்மொழிச் சுகாதாரம்' என்று திருத்திவிட்டார். திருத்திய தலைப்போடு என் கோப்பு மொழி, பண்பாட்டுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. ஏழாம் மாதம் ஒரு வயதுபோன பேராசிரியர் ஃபோன் எடுத்தார். நல்ல மரியாதையான மனுசன். முழுவதையும் இரண்டு தரம் வாசித்தாராம், நல்ல உழைப்பாம். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "எல்லாம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை, ஆனா இதிலை நாட்டார் பாடல் எந்த அத்தியாயத்திலை வருது?"

ஏழு கொப்பி

இரண்டாம் வருசம் தலைப்புக்குக் காவல் நின்றேன். கந்தோருக்கு நேரே போய், சரியான பிரிவின் மேசையில் வைத்தேன். அங்கே எழுதுவினைஞர் தம்மிக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா. ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையெழுத்து வைக்கவேண்டுமாம், நான் கறுப்பில் வைத்திருக்கிறேன். கறுப்பு என்றால் எது அசல், எது கொப்பி என்று தெரியாதாம். நியாயம்தான். திரும்ப வந்து, ஏழு கொப்பியிலும் எல்லாப் பக்கத்திலும் நீலத்தில் வைத்தேன். விரல் வீங்கிப்போயிற்று. நாலு மாதத்தில் பதில் வந்தது: ஆரம்பத் தரவுகள் இணைக்கப்படவில்லை, அடுத்த வருடம் முயற்சிக்கவும்.

காலி வீதி என்கிற பெருந்தெருவில், எங்கள் ஒழுங்கை தொடங்கும் இடத்தில் சிறியின் கொமினிகேசன் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வரிசை நின்ற காலத்துப் பெயர். இப்போது போட்டோக்கொப்பியும் பைண்டிங்கும்தான். மூன்றாம் வருசத்துக் கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது சிறி என்னைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தான். மெசினுக்கு மூடியைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற ஆட்களுக்குக் கேட்காமல் குரலைத் தணித்துச் சொன்னான்: "குறை நினைக்காதேங்கோ அக்கா. வருசம் வருசம் புத்தகம் எழுதுறியள், ஏழே ஏழு கொப்பிதான் அடிக்கிறியள். ஆரும் வாங்கினவையோ?"

ஒருத்தரும் போடுறதில்லை

அந்த மூன்றாவது கட்டுக்குள் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். ஆரம்பத் தரவுதானே வேண்டும், தருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். அன்ரன் பாதரோடு கதைத்து மண்டபத்தை எடுத்துத் தந்தார். அந்தக் கட்டத்தில் கேள்வி கேட்கவும், பல்லை வெளியால் பார்க்கவும் மட்டும்தான் எனக்கு அனுமதி. வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பதென்றால் ஆராய்ச்சி ஏற்கப்பட்டிருக்கவேண்டும். சரி, கேள்வியாவது கேட்போம் என்று வடிவான தமிழில் ஒரு வினாக்கொத்து அடித்துக்கொண்டு போனேன். வெற்றிலை மெல்லும் பழக்கம் உடையவரா? புகையிலை பாவிப்பவரா?

பூசை முடிந்து, மினுக்கிப் போட்ட சேட்டோடு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தராகக் கேட்டேன். உதடு சிவந்திருக்கிறது, பல்லு கறுத்திருக்கிறது, கேட்டால் 'இல்லை டொக்டர்.' அடுத்தவரும் இல்லை. அதற்கடுத்தவர் கன்னத்தில் எதையோ ஒதுக்கிவிட்டு, இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து எழுதிக்கொண்டிருந்த அன்ரன் நான் சொன்னதை அப்படியே பதிந்தார். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. ஆனாலும் அவர்கள் சொன்ன பதிலை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. இல்லை என்றதை இல்லை என்றும், கறை இருந்ததைக் கறை என்றும் எழுதி அனுப்பினேன். மதிப்பீட்டாளரின் குறிப்பு இரண்டே வரி: "விண்ணப்பதாரியின் சொந்தத் தரவுகளின்படியே இப்பழக்கம் இம்மக்களிடையே காணப்படவில்லை. பற்கறைக்குத் தேநீர் காரணமாக இருக்கலாம்."

அது வேறை, இது வேறை

அந்தக் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துத்தான் உடைத்தேன். வாசித்துவிட்டுக் கருவித் தட்டில் எறிந்தேன். வீட்டில் இவர், என் கணவர், முதல் நாளே சொல்லியிருந்தார், "இதோடை விடும், உமக்கு என்ன விசரோ" என்று. விடுவதா? சேவியர் கேட்ட கேள்வி இன்னும் காதுக்குள் இருக்கிறது. ஆனால் கோபத்தை இறக்க ஒரு ஆள் வேண்டுமே, பக்கத்தில் அன்ரன்தான் நின்றார். வழமை போல மாஸ்க்கோடு. கொரோனாவோடு போட்ட மாஸ்க், எல்லாரும் கழற்றிய பிறகும் அவர் கழற்றவில்லை. சாப்பாடும் வெளியிலே தனியப் போய்த்தான். ஒழுங்கான மனுசன் என்று நான் மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவேன்.

"ஏன் அன்ரன், உங்கடை ஆக்கள் கோயில் மண்டபத்திலை இருந்துகொண்டே இப்பிடிப் பொய் சொல்லுகினம்?" என்று கேட்டேன். அன்ரனுக்கு முகம் மாறிவிட்டது. மாஸ்க்குக்கு மேலே கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. "பொய் இல்ல டொக்டர். நீங்க வெத்தில போடுறதான்னு கேட்டீங்க. வெத்தில போடுறது வயசாளிங்க, பெட்டியத் தொறந்து வச்சிக்கிட்டு. இல்லாட்டி கல்யாண வீட்டுல தட்டுல வைப்பாங்க. இவனுங்க போடுறது கூறு. அது வேற, இது வேற."

வெத்திலைக்குள் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் வைத்து மடித்துப் பெட்டிக்கடையில் விற்பார்களே, அதுதான் கூறு. நானும் வீதியில் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு அவர்களிடம் தனிப் பெயரும் தனி இடமும் இருக்கிறது என்று நினைக்கவில்லை. "சரி, அதுக்குள்ளை புகையிலை இருக்குதே, அதையும் இல்லை எண்டிச்சினமே?" என்றேன். "புகையிலன்னா புகை டொக்டர். பீடி, சிகரெட். கூறுக்குள்ள எங்க புகை வருது?" என்றார் அன்ரன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரே நகரத்தில் இருபது வருசம் இருக்கிறேன், பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள், நான்தான் என்னுடைய தமிழில் கேட்டிருக்கிறேன். "இவ்வளவும் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "நா அங்கதானே டொக்டர் இருக்கேன்."

திரும்பவும் அதே மண்டபம்

அடுத்த ஞாயிறே போனேன். அதே சேட்டு, அதே ஆட்கள், அதே சிவந்த உதடு. வடிவான தமிழை வீட்டில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கொண்டுபோனேன். முன்னால் நின்றவரிடம், "அண்ணை, ஒரு நாளைக்கு எத்தினை கூறு போடுவியள்?" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. இப்போதுதான் இந்த டொக்டருக்கு ஆட்களோடு கதைக்கத் தெரிந்திருக்கிறது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. பின்னால் நின்றவர்களை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, விளக்கம் கேட்டார்: "வேல இருக்கிற நாளுக்கா, வேல இல்லாத நாளுக்கா டொக்டர்?"

எத்தனை அறிக்கை?

நாலாவது விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக இருந்தது. சரியான பிரிவு, நீல மை, ஏழு கொப்பி, ஆரம்பத் தரவு, சரியான சொல். ஒன்று மட்டும் என் கையில் இல்லை. வினாக்கொத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைப்பது கந்தோரின் வேலை. அதே மொழிபெயர்ப்பாளர். அவருடைய மேசையில் இருந்த அகராதியில் 'கூறு' என்றால் சொல், அறிக்கை விடு. குழப்பத்துக்கு இடமே இல்லை. 'நீங்கள் கூறு போடுபவரா?' என்பது ஆங்கிலத்தில் 'நீங்கள் அறிக்கை விடுபவரா?' என்று போயிற்று. 'ஒரு நாளைக்கு எத்தனை கூறு?' என்பது 'ஒரு நாளைக்கு எத்தனை அறிக்கை?' 'கூறு போட்ட பின் துப்புவீர்களா, விழுங்குவீர்களா?' என்ற கேள்வியை அவர் எப்படி மொழிபெயர்த்தார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.

நிதிக் குழுவின் நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தம்மிக்கா ஃபோன் எடுத்து அந்த மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டினா. நாலு வருசத்தில் நாங்கள் கிட்டத்தட்டச் சிநேகிதிகள் ஆகிவிட்டோம். ஏழு கொப்பியும் குழுவுக்குப் போய்விட்டதாம், இனித் திருத்த ஏலாதாம், நேரே வந்து விளங்கப்படுத்தச் சொன்னா. ஃபோனை வைப்பதற்கு முதல் சிங்களத்தில் மெல்லக் கேட்டா: "அனே டொக்டர், நீங்க பல் டொக்டர் எண்டுதானே நினைச்சிருந்தன். இது மந்திரிமாரிலை செய்யிற ஆராய்ச்சியா?"

வாசலில் ஒரு பறிமுதல்

சொல்லி விளங்கப்படுத்துவதைவிடக் காட்டுவது நல்லது என்று எனக்குப் பட்டது. அன்ரனிடம் சொன்னேன், ஒரு கூறு வாங்கி வாங்கோ, மேசையில் விரித்துக் காட்டுவோம் என்று. அவர் கொட்டாஞ்சேனையில் எங்கே நல்லது கிடைக்கும் என்று யோசித்து, தேடிப் போய் வாங்கி, கடதாசியில் சுற்றித் தந்தார். நேர்முகத்தன்று கைப்பையில் மற்ற ஆவணங்களோடு அதையும் வைத்துக்கொண்டு போனேன்.

கந்தோர் வாசலில் காவலாளி ராமையா. ஹட்டன் பக்கத்து மனுசன், வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவர், நாலு வருசமாக என்னைத் தெரியும். பையைத் திறந்து பார்த்தார், கடதாசியைப் பிரித்தார், தலைக்கு மேலே இருந்த அறிவித்தலைக் காட்டினார். வெற்றிலை, புகையிலைப் பொருட்கள் உள்ளே கொண்டுசெல்லத் தடை. மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதியிருந்தது. இது ஆராய்ச்சிச் சாமான் என்றேன், குழுவுக்குக் காட்டவேண்டும் என்றேன், கெஞ்சினேன், பிறகு சத்தமும் போட்டேன். அசையவில்லை. கூறை எடுத்துத் தன் சட்டைப் பையில் கவனமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க கவலப்படாம போயிட்டு வாங்க மேடம், நா பத்தரமா பாத்துக்கிறேன்."

கூறுங்க

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், சிங்களவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். ஒரு பக்கத்தில் இன்னொரு உறுப்பினர். மற்றப் பக்கத்தில், தமிழ் ஆவணம் என்றபடியால், மொழிபெயர்ப்பாளர். நாலு வருசத்தில் அன்றைக்குத்தான் அவரை முதல் தரம் காண்கிறேன். மெலிந்த, சாதுவான மனுசன், அகராதியையும் கொண்டுவந்திருந்தார். தலைவர் வினாக்கொத்தைத் தூக்கிப் பிடித்து, துறைமுகத் தொழிலாளி ஒரு நாளைக்கு எத்தனை அறிக்கை விடுகிறான் என்பதற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கூறு என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. வெத்திலையும் புகையிலையும் வாய்க்குள் வைத்துக்கொண்டே இரண்டும் இல்லை என்று ஒருவன் நேர்மையாகச் சொல்வானா, அது எப்படி? "அந்தச் சாமானைக் காட்டுங்களேன்" என்றார். "உங்கள் வாசலில் இருக்கிறது சேர்" என்றேன். பியூன் கீழே ஓடினான்.

ராமையா வந்தார். கையில் ஒன்றும் இல்லை, சட்டைப் பையிலும் ஒன்றும் இல்லை. இடது கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. சாட்சி போய்விட்டதே என்று நினைத்தேன், அடுத்த நிமிசம் இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று விளங்கியது. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது, நான் கேட்பதற்கு உண்மையைச் சொன்னால் போதும் என்று அவருக்குச் சொன்னேன். தலைவரும் தலையாட்டினார். நான் என் பழைய வினாக்கொத்தை எடுத்தேன், மூன்றாம் வருசத்து வடிவான தமிழ். வெற்றிலை மெல்லும் பழக்கம் உண்டா? "ஐயோ இல்லீங்க, அது எங்க ஊர்ல கெழவிங்க போடுறதுங்க." புகையிலை பாவிப்பவரா? "பீடி, சிகரெட் கையால தொட்டதில்லீங்க." நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். மனுசன் கடவுள் முன்னால் நிற்கிற மாதிரி நின்று சொன்னார், பொய்யே இல்லை. கடைசியாக, அப்ப வாய்க்குள்ளை இருக்கிறது என்ன என்று கேட்டேன். ராமையா தலையைக் குனிந்துகொண்டு, "கூறுங்க" என்றார்.

மொழிபெயர்ப்பாளர், பழக்கதோசம், உடனே தலைவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் அறிவித்தார், 'தயவுசெய்து பேசுங்கள் என்கிறார்' என்று. சொல்லிமுடித்த பிறகுதான் அவர் ராமையாவின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு தன் அகராதியைப் பார்த்தார். அறையில் முதலில் சிரித்தது அவர்தான், கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டு, ஆங்கில வினாக்கொத்தை இழுத்து எடுத்து, 'அறிக்கை' என்று இருந்த இடமெல்லாம் தானே நீல மையால் வெட்டினார். தலைவர் வேறு கேள்வி கேட்கவில்லை. நான் படியிறங்கி வந்தபோது ராமையா தன் இடத்தில் நின்றார். மண்டபத்தின் இடத்தைச் சொல்லி, தொடங்கினதும் நீங்களும் வந்து வாயைக் காட்டவேண்டும் என்றேன். ஓமென்று தலையாட்டிவிட்டுக் கிட்ட வந்து கேட்டார்: "மேடம், நல்ல சாமான்ங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?"

முதல் கதிரை

நிதி கிடைத்தது. கேட்டது ஒன்றரை வருசம், தந்தது ஒரு வருசம். அனுமதிக் கடிதத்தில் தலைப்பு 'வாய்மொழிச் சுகாதாரம்' என்றுதான் இருந்தது. முதல் வருசத்துக் கோப்பிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்களாம். திருத்தினால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்று தம்மிக்கா சொன்னா. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் மடிக்கிற கதிரையை விரித்தோம், விளக்கைப் பூட்டினோம். ஆட்கள் வந்தார்கள். வந்து கதவடியில் நின்றார்கள். அந்தக் கதிரையையும் விளக்கையும் கண்டு ஒருத்தரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கூப்பிட்டேன், பகிடி விட்டேன், ஒருத்தர் மற்றவரைத் தள்ளினார், மற்றவர் சிகரெட் பத்தப் போனார். நாலு வருசத்து மல்லுக்கட்டு இந்தக் கதவடியில் நின்று திரும்பிப் போகப்போகிறதோ என்று எனக்கு அழுகை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

விளக்கைச் சரிசெய்துகொண்டு நின்ற அன்ரன் கதவடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, போய்க் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தார். உதடு சிவந்திருந்தது. பல்லு கறுத்திருந்தது. மூன்று விரல் போனது, கடவுளே என்று நினைத்துக்கொண்டு கன்னத்தை விலத்தினேன். இடது பக்கம், உள்ளே, சின்னவிரல் நகத்தளவில் ஒரு வெள்ளைப் படை.

எத்தனை வருசம் எனக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களின் வாய்க்கு விளக்குப் பிடித்த மனுசன். "எவ்வளவு நாளா இருக்கு?" என்றேன். "ரெண்டு வருசம்." "எனக்கு ஏன் சொல்லேல்லை அன்ரன்?" கோபமாகத்தான் கேட்டேன், குரல் அப்படி வரவில்லை. பின்னால் ஆட்கள் ஒவ்வொருத்தராக உள்ளே வந்து கதிரைக்குப் பின்னால் வரிசையாக நிற்கத் தொடங்கியிருந்தார்கள். அன்ரன் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார்: "நோகல டொக்டர். சேவியருக்கும் நோகலதானே. அதான் பயமா இருந்திச்சி."

படையை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். நேரத்தோடு பிடித்துவிட்டோம், புற்றுநோய் இன்னும் தொடங்கவில்லை என்று பதில் வந்தது. அன்ரன் கூறை விட்டுவிட்டார். மாஸ்க்கையும் விட்டுவிட்டார். இப்போது வியாழக்கிழமைகளில் கதவடியில் நின்று, வருகிறவர்களிடம் தன் வாயைத் திறந்து காட்டி, அவர்களை உள்ளே கூட்டிவருவது அவர்தான்.

ஆக, நாலு விண்ணப்பம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஏழு கொப்பி அடித்து, எல்லாப் பக்கத்திலும் நீல மையில் கையெழுத்து வைத்த பிறகுதான், எனக்குப் பக்கத்திலேயே நின்ற மனுசனின் வாயைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது.